செவலைப் பசுவின் மூன்று படங்கள்

எங்கள் மாட்டாஸ்பத்திரியில் மாட்டுக்குப் படம் போட்டுக் கொடுக்கும் வழக்கம் என்னால்தான் வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. எழுதி எழுதிச் சலித்துப்போய்த்தான் படத்துக்கு வந்தேன்.

ஓசூருக்கு வடக்கே, மைசூர் எல்லைக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம், கம்பவுண்டர் தீர்த்தகிரி என்கிற நான். வெட்னரி இன்ஸ்பெக்டர் ஓசூரிலிருந்து வாரம் ஒரு நாள் சைக்கிளில் வந்து, இருக்கிற காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் மாடுகளும் நானும்தான்.

எல்லை எங்கே இருக்கிறது என்று ஆபீசில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மாட்டுக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கத்துக் கேழ்வரகில் வாய் வைக்கும். உடனே பிடித்துக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைத்துவிடுவார்கள். மீட்கப் போகிறவனுக்கு, இது என் மாடுதான் என்று காட்ட ஓர் அத்தாட்சி வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரியில் அடையாளச் சீட்டு கொடுப்போம். நிறம், கொம்பு, வயது, சுழி என்று வரிசையாக நான் தமிழில் எழுதுவேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பவுண்டுக் குமாஸ்தாவாக இருந்த திம்மப்பனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மாட்டுக்காரனோ வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றும் பேசுவான். எழுத்து மூன்றிலும் கிடையாது. சீட்டைக் கொண்டுபோனவன் திரும்பி வந்து, "இன்னாத்த எழுதினீங்களோ, அவனுக்கு ஒண்ணும் புரியலியாம்" என்று என்மேல் எரிந்து விழுவான். நாலைந்து முறை பொறுத்தேன். பிறகு ஒரு நாள் கோபத்தில் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் மாட்டையே போட்டுக் கொடுத்தேன். திம்மப்பன் அதைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் மாட்டை அவிழ்த்துவிட்டானாம்.

அதிலிருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் மூன்று படம். பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, மேலேயிருந்து பார்த்தாற்போல் முதுகு ஒன்று. முதுகுப் படம் சுழிக்காக. மாடு வாங்க வருகிறவன் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைத் தேடுகிற சீமை இது. மயிர் சுற்றிக்கொண்டு நிற்கிற இடம்தான் சுழி. எங்கே இருந்தால் குடும்பம் தழைக்கும், எங்கே இருந்தால் குடும்பம் மண்ணாகும் என்று ஒவ்வொன்றுக்கும் பேரும் பலனும் உண்டு. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் இரண்டு மாட்டுக்குச் சுழி ஒரே மாதிரி அமைந்து நான் பார்த்ததில்லை. அடையாளத்துக்கு அதைவிட நல்லது கிடையாது.

என்னிடம் இருந்தது சொந்த ஊரான மத்தூரை விட்டு வந்த வருஷம் வாங்கிய இங்க் பேனா. கழுத்தைத் திருகிக் கழற்றி, சொட்டுக்குழாயால் மை விட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிற இங்க் வில்லையைத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்வேன். மை கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். ஆனால் நிப்பு தேய்ந்து தேய்ந்து என் கைச் சாய்வுக்கு வந்திருந்தது. அழுத்தினால் வயிற்றுக் கோடு தடிக்கும். லேசாக விட்டால் கழுத்து மடிப்பு மெலிந்து இறங்கும். நிப்பைக் கவிழ்த்துப் பிடித்தால் மயிரிழை மாதிரி கோடு வரும். சுழி போடுவதற்கு எப்போதும் கவிழ்த்த நிப்புதான்.

மனிதர்களையும் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரையாவது கொஞ்சம் உட்காருங்கள் என்றால், "நான் இன்னா மாடா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தினால் எனக்குப் பேச ஆள் கிடையாது. டீக்கடையில் ஊர் கூடிக் கன்னடத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். நான் போய் நின்றால் மரியாதைக்காகத் தமிழுக்கு மாறி, "சாப்டாச்சுங்களா" என்று கேட்டுவிட்டு அடங்கிவிடும். திட்டினால்கூட ஒட்டிக்கொண்டு நின்றிருப்பேன். மரியாதை கொடுத்தே தள்ளிவைத்தார்கள். அறைக்குத் திரும்பி மருந்து பாட்டிலைப் போடுவேன், அரிக்கேன் விளக்கைப் போடுவேன், கழற்றி விட்ட செருப்பைப் போடுவேன். முப்பத்தெட்டு வயதில் ஒருவன் தன் செருப்பைப் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றால் அவன் நிலைமையை நான் வேறு விளக்க வேண்டியதில்லை. மத்தூரில் அண்ணன் பெண் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்து, தன் பெண்ணுக்கே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நஞ்சம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தது மாசி மாதம். ஊர்க் கோடியில், ஏரிக்கரையை ஒட்டிய குடிசைக்குப் புதிதாகக் குடிவந்தவள். புருஷன் செத்துப்போனபின் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு செவலைப் பசுவோடு வந்திருக்கிறாள், பால் ஊற்றிப் பிழைக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருப்பாள். வந்தவள், மற்றவர்களைப் போல மாட்டைச் சட்டத்துக்கு ஓட்டாமல், வேப்பமரத்தடியிலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, படம் போட்டுத் தர்றீங்கன்னு சொன்னாங்க."

"தருகிறேன். சாக்கை எடும்மா."

பசுவின் முதுகில் கோணிச் சாக்கு ஒன்றைப் போட்டு வயிற்றோடு கட்டியிருந்தாள்.

"ஈ மொய்க்குமுங்க."

"மொய்க்கட்டும். சாக்கைப் படம் போடவா பேனாவுக்கு மை விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்?"

அவள் முடிச்சை அவிழ்க்க நேரம் எடுத்துக்கொண்டாள். சாக்கை எடுத்ததும் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். நான் முதலில் பக்கவாட்டுப் படத்தையும் முகத்தையும் முடித்தேன். நல்ல மாடு. நெற்றியில் கட்டைவிரல் அளவு வெள்ளை, இடக்கொம்பு வலக்கொம்பைவிட ஓர் அங்குலம் உள்வாங்கியிருந்தது. முதுகுப் படத்துக்காக முக்காலிமேல் ஏறிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. முதுகின் கடைசியில், தண்டெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அளந்து வைத்தாற்போல் இரண்டு சுழி.

பாடைச் சுழி. அந்த மாடு நிற்கிற வீட்டில் பாடை கட்டுவார்கள் என்பார்கள். கசாப்புக்காரன்கூட யோசித்துத்தான் வாங்குவான். அவள் புருஷன் செத்தது, இவள் மாட்டோடு தனியாக வந்தது, இந்தச் சாக்கு, எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஊருக்குத் தெரிந்தால் அவளிடம் ஒருவன் பால் வாங்க மாட்டான். கவிழ்த்துப் பிடித்த நிப்பு காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

பிறகு நிப்பைத் திருப்பிக்கொண்டு, தண்டெலும்புக் கோட்டை இழுத்து, வாலை வரைந்து முடித்தேன். சுழி இருந்த இடத்தில் வெறும் காகிதத்தை விட்டேன்.

சீட்டை அவளிடம் காட்டினேன். மூன்று படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முதுகுப் படத்தில் வெகுநேரம் கண் நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஊருக்கு வந்தபின் என்னைப் பார்த்து, மரியாதைக்கு இல்லாமல், ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாரக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து, படத்தைப் பார்க்காமலே கீழே கையெழுத்தும் முத்திரையும் வைத்துவிட்டுப் போனபின் சீட்டை அவளிடம் கொடுத்தேன்.

படம் போட்ட மறுநாளிலிருந்தே காலையில் எனக்கும் பால் ஊற்ற வந்தாள். நான் பாத்திரத்தை எடுத்து வருகிற நேரம் ஜன்னல் ஓரத்தில் நிற்பாள். செவலை ஒரு வாய் தவிடு குறைவாகத் தின்றது, ஏரிக்கரைப் பக்கம் முள் குத்திக்கொண்டது என்று இரண்டு விஷயம் சொல்லுவாள். நான் அதற்கு ஏதாவது மருந்து சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் நான் விடிந்ததிலிருந்து அந்த இரண்டு விஷயத்துக்காகக் காத்திருந்தேன். அவள் சிரிப்புக்கு நான் வைத்துக்கொண்ட அர்த்தம் நன்றி. தன் ரகசியத்தை இந்த மனுஷன் மூடிவிட்டான் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்த ஊரில் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும் என்று நினைத்து மனசுக்குள் ஒரு வீடே கட்டிவிட்டேன். அவள் ஜாதி வேறு, என் ஜாதி வேறு. வாயைத் திறந்து எதுவும் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த வருஷம் கோடையில் எனக்கு ஒரு பால்பாயிண்ட் பேனா கிடைத்தது. பெங்களூரிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு யாரோ வாங்கி வந்து கொடுத்தது. ரிஜிஸ்தரில் இதால் எழுதக் கூடாது என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்களாம். அதனால் என்னிடம் தள்ளிவிட்டார். மை விட வேண்டாம், ஒழுகாது, பையில் குத்திக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு எங்கேயும் போகலாம். படம் போட மட்டும் லாயக்கில்லை. அழுத்தினாலும் ஒரே கோடு, விட்டாலும் ஒரே கோடு. வளைவில் திருப்பினால் ஒரு மைப்பொட்டு திரண்டு நிற்கும். மாட்டை அதால் போட்டால் கம்பியில் முறுக்கிச் செய்த மாடு போல இருந்தது. வெளியே போகும்போது சட்டைப் பைக்கு அது, வேலைக்கு இங்க் பேனா என்று வைத்துக்கொண்டேன்.

ஆவணி மாதம் ஒரு நாள் நஞ்சம்மா பால் செம்பு இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள்.

"செவலெ நேத்து மேயப் போனது வரலைங்க. எல்லெ தாண்டிப் போயி ராகியில வாய் வெச்சுட்டுதாம். பவுண்டுல அடெச்சிட்டாங்களாம். படத்த எடுத்துக்கினேன். நீங்க ஒரு நடெ வர்றீங்களா? அந்தக் குமாஸ்தாரு பொம்பளெ போனா நிக்க வெச்சிடுவாருன்னு சொல்றாங்க."

நான் வருகிறேன் என்று சொன்னது ஆசையில்தான். இரண்டு மைல் அவளோடு நடக்கலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. திம்மப்பனின் நினைப்பு வந்தது பாதி வழியில். திம்மப்பன் முதலில் பார்ப்பது முதுகைத்தான். போன மாதம் ஒருவன் பொய் சொல்லி இன்னொருவன் எருமையை ஓட்டிப்போனதிலிருந்து, பிடிபட்ட மாட்டின் சுழியை ஒன்று விடாமல் ரிஜிஸ்தரில் எழுதி வைத்துக்கொண்டு ஒத்துப் பார்க்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். அவன் ரிஜிஸ்தரில் இரண்டு சுழி இருக்கும். என் படத்தில் இருக்காது. மாடு அவளுடையது இல்லை என்று ஆகிவிடும். கெடு முடிந்தால் ஏலம் போட்டுவிடுவான். அவளுக்கு அந்த மாட்டை விட்டால் வேறு கதி கிடையாது.

வழியில் மாடு பூட்டி இறைக்கிற கவலைக் கிணறு ஒன்று இருந்தது. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்றாள். சீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். என் பையில் இருந்தது பால்பாயிண்ட் பேனா ஒன்றுதான். அவள் ஏறி வருவதற்குள் முழங்கால்மேல் சீட்டை வைத்து, முதுகுப் படத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று சுழித்துவிட்டேன். இரண்டும் கேழ்வரகு மணி அளவு. இங்க் பேனாக் கோடு ஆறு மாதத்தில் இன்னும் வெளிறியிருந்தது. இது கொஞ்சம் பளபளத்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், பளபளப்பு போகவில்லை. சின்னச் சுழிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பவுண்டில் எங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்க் கரியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மயிலைக் காளையும் அதே நாள் பிடிபட்டிருந்தது. அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த பிள்ளைக்கு நஞ்சம்மா ஊற்றுகிற பால்தான் போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையசைத்தார். இன்னும் மூன்று நாலு பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

திம்மப்பன் கரியப்பனின் சீட்டை வாங்கினான். அதுவும் நான் போட்ட படம்தான். படத்தைப் பார்த்தான், ரிஜிஸ்தரைப் பார்த்தான், எழுந்து போய்க் காளையின் முதுகைப் பார்த்தான். தலையை ஆட்டினான். கரியப்பன் கட்டை விரலை உருட்டி வைத்தார், அபராதத்தைக் கட்டினார், காளையை அவிழ்த்துக்கொண்டார். மொத்தத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களோடு சேர்ந்து ஊர் திரும்பலாம் என்று காளையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அடுத்தது நஞ்சம்மாவின் சீட்டு. திம்மப்பன் விரித்தான். முதுகுப் படத்துக்குப் போன கண் அங்கேயே நின்றது. சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். மேசைமேல், பக்கம் புரட்டுவதற்காக ஒரு கிண்ணத்தில் நனைந்த பஞ்சு வைத்திருந்தான். கட்டை விரலை அதில் ஒற்றி எடுத்து, படத்தின்மேல் வைத்து மெதுவாக இழுத்தான்.

வில்லை மை கரைந்தது. தண்டெலும்பு, விலா, வால் எல்லாம் ஒரு நீலக் கறையாகக் கலங்கிப்போயிற்று. இரண்டு சுழி மட்டும் அசையாமல் நின்றது.

"இங்கே நோடி சாமி," என்று என்னிடம் காட்டினான். "மாடு ஆறு மாசம் முன்னாடி போட்டது. சுழி எப்போ போட்டது?"



"அப்போது மறந்துவிட்டேன்," என்றேன். "இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது."

"பாடெச் சுழிய மறப்பாங்களா யாராச்சும்? தலெயப் போட மறந்தேன்னு சொல்லுங்கோ, நம்பறேன். மாட்டுக்குச் சுழிதான் கைநாட்டு. நேத்து சாயங்காலம் யாரோ வேலிக்கு வெளியே நின்னு இந்தப் பசுவப் பாத்துகிட்டு இருந்தாங்கோ. பாத்துட்டுப் போயி, வேற எதோ செவலெ மாட்டுச் சீட்டுல சுழிய ஏத்திக் கொண்டாந்தா நான் குடுத்துடணுமா? கவர்மெண்டு முத்திரை வெச்ச பேப்பரு இது."

சுவரோரம் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பாடைச் சுழி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கரியப்பனும் காளையைக் கட்டிவிட்டுக் கிட்டே வந்தார். நஞ்சம்மா சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு சுழியை அவள் அப்போதுதான் பார்க்கிறாள்.

நான் பேசியிருக்க வேண்டும். மாட்டில் சுழி அன்றைக்கே இருந்தது, நான் தெரிந்தே விட்டேன், குற்றம் என்னுடையது என்று நாலு வார்த்தை. சொன்னால் நான் இதுவரை போட்ட சீட்டெல்லாம் சந்தேகத்துக்கு வரும், இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆபத்து, என் வேலை போய்விடும். இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

கன்னடத்தில்தான் சொன்னாள். திம்மப்பனுக்கு ஒரு வார்த்தையும் தப்பக் கூடாது என்று நினைத்திருப்பாள். பத்து வருஷப் பழக்கத்தில் எனக்கும் முக்கால்வாசி புரிந்தது. இது அவள் கல்யாணத்தில் அப்பா கொடுத்த சினைக் கிடாரி. சுழியை யாரும் அப்போது பார்க்கவில்லை. கல்யாணமான எட்டாம் மாதம் புருஷன் கிருஷ்ணகிரிக்கு மாங்காய் ஏற்றிப்போன லாரியிலிருந்து விழுந்து செத்தான். காரியத்துக்கு வந்த ஒருவன் தொழுவத்தில் மாட்டைப் பார்த்துவிட்டுச் சுழியைக் காட்டினான். மாமியார் அன்றைக்கே அவளையும் மாட்டையும் ஒரே கயிற்றில் பிடித்து வெளியே தள்ளினாள். மாட்டை விற்கப் போன இடத்திலெல்லாம் முதுகைத் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் தெரியாத ஊருக்கு வந்தாள். அதனால்தான் சாக்கு. சுழி தண்டெலும்புக்கு எத்தனை விரல் தள்ளி இருக்கிறது, எந்தச் சுழி வலமாகச் சுற்றுகிறது, எது இடமாகச் சுற்றுகிறது என்பதைக்கூடச் சொன்னாள். குரல் உயரவில்லை. அழவும் இல்லை. கரியப்பனைப் பார்க்காமல் திம்மப்பனையே பார்த்துச் சொன்னாள்.

திம்மப்பன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"இந்தச் சுழி என்னோடதுன்னு பொய் சொல்லி ஒருத்தரும் வர மாட்டாங்கோ," என்று சொல்லிவிட்டு ரிஜிஸ்தரை அவள் பக்கம் நகர்த்தினான். என் சீட்டை இரண்டாகக் கிழித்து மேசைக்கு அடியில் போட்டான். என்னைப் பற்றி எங்கேயும் எழுதிப் போடவில்லை. அதற்குக்கூட நான் லாயக்கில்லை என்று நினைத்தானோ என்னவோ.

கரியப்பன் காளையை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது யாரிடமும் சொல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "பச்செப் புள்ளெக்கி இந்தப் பாலயா குடுத்தோம்" என்றார். அவர் வேகமாக நடந்தார். நாங்கள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

பவுண்டுக்கு வெளியே, ஊருக்கு ஒரு வழியும் மேற்கே ஒரு வழியுமாகப் பிரிகிற இடம் வரை நான் மாட்டுக்குப் பின்னால் நடந்தேன். சாக்கு அவள் தோளில் மடித்துக் கிடந்தது. மாட்டின்மேல் அதை அவள் மறுபடி போடவில்லை. அங்கே வந்ததும் நின்றாள்.

"ஐயா, அன்னிக்கே ஒங்க கண்ணுல பட்டுதுங்களா?"

"பட்டது," என்றேன்.

"படலைன்னு நெனச்சேனுங்க." கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "சாக்கெ எடுத்தா எல்லாருக்கும் மொதல்ல அதான் தெரியும். மாடு அப்பறம்தான் தெரியும். நீங்க அம்மாம் நேரம் பாத்தீங்க. கண்ணு, காது, கொளம்புன்னு ஒண்ணு வுடாம போட்டீங்க. அதெ மட்டும் போடல. ஒருத்தர் கண்ணுக்காச்சும் இது வெறும் மாடா தெரிஞ்சுதேன்னு ஆறு மாசம் சந்தோசமா இருந்தேன்."

"உனக்கு நல்லது என்றுதான்..."

"தெரியுதுங்க. மூடி வெச்சாத்தான் எனக்கு நல்லதுன்னு நீங்களும் நெனச்சிட்டீங்க. உள்ளபடி போட்டிருந்தா அந்தக் கரியப்பரு காளெ மாதிரி, குமாஸ்தாரு பாத்துட்டு அவுத்து வுட்டிருப்பாரு. நான் வாயத் தொறந்திருக்க வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கோபப்பட வந்திருக்கும். அவள் சொன்னது நிஜம். நிப்பு அன்றைக்கு நின்றது இரக்கத்தால் மட்டும் இல்லை. அந்த இரண்டு சுழியைப் பார்த்ததும் எனக்குள் ஓர் ஓரத்தில் சில்லென்றது. இவள் புருஷன் செத்தது இதனால்தானோ என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். நம்பாதவனாக இருந்தால் நெற்றி வெள்ளையைப் போட்ட மாதிரி அதையும் போட்டுவிட்டு அடுத்த மாட்டைக் கூப்பிட்டிருப்பேன்.

"ஆனேக்கல்லுல எங்க சின்னம்மா மவ இருக்கா. அங்க போறேனுங்க," என்றாள்.

"குடிசையில் சாமான்?"

"ஒரு பாயும் ரெண்டு பானையும்தான். யாருக்காச்சும் ஆவும்."

மேற்கே போகிற வழியில் மாட்டைத் திருப்பினாள். ஊர் பால் வாங்காவிட்டால் போகட்டும், நான் வாங்குகிறேன், என் வீட்டு முற்றத்தில் சாக்கு இல்லாமல் மாட்டைக் கட்டு, நீயும் வா, யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு அந்த நிமிஷம் எல்லா வார்த்தையும் இருந்தது. சத்தியமாக இருந்தது. அவள் இருபது முப்பது அடி போய்விட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். அந்தப் பேரை நான் சீட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் எழுதியிருக்கிறேனே தவிர ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது வரவில்லை.

"இந்தாம்மா," என்றேன்.

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். மாடும் நின்றது. நான் சொல்வதற்காக அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே காத்திருந்தாள்.

"பார்த்துப் போம்மா," என்றேன்.

ஆறு மாதமாகத் தினம் காலையில் அவள் பால் ஊற்றிவிட்டுக் கிளம்பும்போதும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.